போற்றுதலும் பேணுதலும்

இசை காற்றில் பிறந்து காற்றிலேயே மறைவது. ஓவியம் சுவரில் நிற்கும். சிற்பம் கல்லில் நிற்கும். கவிதை ஏட்டில் நிற்கும். பாடுபவர் வாய் மூடிய அளவிலே பாட்டு இல்லாமற் போகிறது. அது மறுமுறை பிறக்க வேண்டுமானால், யாரேனும் ஒருவர் அதை நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். அன்றித் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். நெஞ்சும் தாளும் ஒருங்கே கைவிட்ட பாட்டைத் தேடித் தருவார் யாருமிலர்.

இந்த உண்மையை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தம் எழுபத்தைந்தாம் வயதில், பதினான்கு வயதுப் பேத்தியிடமிருந்து கற்றுக்கொண்டார். சிங்கப்பூரில் அங் மோ கியோ வட்டாரத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், ஒன்பதாம் மாடியில் அவருடைய வீடு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாப்பும் அணியும் கற்பித்தவர். சொல்லின்மீது அவருக்கு இருந்த பற்றை மாணவர் அனைவரும் அறிவர். எழுத்துப்பிழை ஒன்றைக் கண்டால் உணவும் மறப்பார். இசையில் அவருக்கு நாட்டம் உண்டு, பயிற்சி இல்லை. இசைப் பயிற்சி முழுவதும் அவருடைய தமக்கையாரோடு வந்தது, அவரோடே போயிற்று.

ஒரு மாலை. பேத்தி தன் அறையில் வயலின் பழகிக்கொண்டிருந்தாள். பள்ளியின் நரம்பிசைக் குழுவில் அவள் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வில் தயங்கித் தயங்கி நடந்தது. ஆயினும் அந்த மெட்டு முதியவரின் காதில் விழுந்ததும், கையிலிருந்த செய்தித்தாள் தானே தாழ்ந்தது.

“மோகனம்!” என்றார் அவர், அறை வாயிலில் வந்து நின்று.

“இல்லை தாத்தா. இது ‘மோ லி ஹுவா’. சீனப் பாட்டு. மல்லிகைப் பூ என்று பொருளாம். இத்தாலியர் ஒருவர் தம் இசைநாடகத்தில் இதைச் சேர்த்திருக்கிறார். எங்கள் குழு அதைத்தான் வாசிக்கப் போகிறது.”

ஸ ரி க ப த என்னும் ஐந்து சுரங்களுக்குள்ளேயே அந்த மெட்டு ஓடிற்று. அதைத் தமிழர் மோகனம் என்பர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைப் பண்ணை இந்த மோகனத்தோடு பொருத்திக் காட்டிய ஆய்வாளரும் உண்டு. முல்லை இங்கே, மல்லிகை அங்கே. முதியவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தார். பேத்தியின் இசைத்தாளின் தலையில் ‘மோகனம்’ என்று எழுதப் போனார். அவள் பதறி அவர் கையைப் பற்றினாள்.

“பேனா வேண்டாம் தாத்தா! இது வாடகைத் தாள். பென்சிலால் மட்டுமே குறிக்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் குறித்ததையெல்லாம் அழித்துவிட்டு, எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் பணம் கட்ட வேண்டுமாம்.”

தாளுக்கு வாடகையா? வீட்டுக்கு வாடகை உண்டு; கடைக்கு வாடகை உண்டு; கரும்புள்ளிகள் நிறைந்த நான்கு தாள்களுக்கும் வாடகை உண்டென்று அவர் அதுவரை கேட்டதில்லை. அந்த வியப்பே அவரை மறுவாரம் எஸ்பிளனேட் அரங்கின் நூலகத்துக்கு அழைத்துச் சென்றது. 2002இல் நிகழ்கலைகளுக்கென்றே திறக்கப்பட்ட நூலகம் அது. இத்தாலிய இசைநாடகம் பற்றிய நூல்களை எடுத்துவைத்துக்கொண்டு, பழைய வழக்கப்படி குறிப்பேடும் கையுமாக அவர் அமர்ந்தார்.

இத்தாலியின் வடக்கே மிலான் நகரம் இருக்கிறது. லொம்பார்தி மாநிலத்தின் தலைநகர் அது. தமிழாசிரியர்க்கு அந்த மாநிலம் முற்றும் அயலானதன்று. ‘தேம்பாவணி’யும் ‘சதுரகராதி’யும் தந்த வீரமாமுனிவர் 1680இல் பிறந்த காஸ்திலியோனே என்னும் ஊர் அந்த மாநிலத்தைச் சேர்ந்ததே. அந்த மிலான் நகரில் 1785இல் பிறந்தவர் ஜொவான்னி ரிக்கார்தி. அவர் வயலின் வாசிப்பவர். அதைவிடச் சிறப்பாக, இசையைப் படியெடுப்பவர்.

படியெடுத்தல் அந்நாளில் ஒரு பிழைப்பு. இசைநாடகம் ஒன்றை இயற்றுபவர் எல்லாக் கருவிகளுக்கும் எல்லாக் குரல்களுக்கும் உரியதை ஒரே பேரேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார். வயலின்காரருக்கு வேண்டியது வயலின் வரி மட்டும்; குழலூதுவோர்க்கு வேண்டியது குழலின் வரி மட்டும். அவ்வவற்றைப் பிரித்துத் தனித்தனித் தாள்களில் எழுதித் தருவது படியெடுப்போர் வேலை. அரங்கேற்றம் நெருங்கினால் இரவெல்லாம் விளக்கெரியும். அரங்கேறி முடிந்ததும் அந்தத் தாள்களைப் பொருட்படுத்துவார் சிலரே. கள்ளப் படிகளும் பெருகின. ஓர் ஊரில் வெற்றி பெற்ற நாடகத்தை வேறோர் ஊரில் இயற்றியவரைக் கேளாமலே நடத்தினர். கருவிகளுக்குரிய பகுதி கிட்டாதபோது, கேட்டதை நினைவிற்கொண்டு தாமே எழுதிச் சேர்த்தனர்.

ஜொவான்னி 1807இல் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குச் சென்று, புகழ்பெற்ற பிரைட்கோப் நிறுவனத்தில் இசையைத் தகட்டில் வெட்டி அச்சிடும் முறையைக் கற்றார். 1808இல் மிலானுக்குத் திரும்பிப் பதிப்பகம் தொடங்கினார். லா ஸ்காலா என்னும் பேரரங்குக்குப் படியெடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தையும் பெற்றார். 1825இல் அந்த அரங்கில் குவிந்து கிடந்த இசையேடுகளை விலைக்கு வாங்கினார். மற்றவர்க்குப் பழந்தாளாகத் தோன்றியது அவருக்கு முதலாகத் தோன்றியது. புதிய நாடகங்களின் மூல ஏட்டை விற்பதில்லை, வாடகைக்கே விடுவது என்பது அவருடைய முறை. அரங்கம் கேட்டால் படிகள் போகும். ஆட்டம் முடிந்தால் படிகள் திரும்ப வேண்டும். திரும்பியவற்றை எண்ணிப் பார்த்து அடுக்கில் வைக்க ஆள் இருந்தது. 1840இல் ஆஸ்திரியப் பேரரசும் சார்தீனிய அரசும் படைப்பாளரின் உரிமையைக் காக்க உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர், இந்த முறைக்குச் சட்டத்தின் வலிமையும் சேர்ந்தது. பேத்தியின் கையிலிருந்த வாடகைத் தாள் எந்த மரத்தின் கிளை என்பது முதியவருக்கு இப்போது விளங்கிற்று.

தந்தைக்குப் பின் மகன் தீத்தோ, அவருக்குப் பின் அவர் மகன் ஜூலியோ எனக் குடும்பம் தொழிலைத் தொடர்ந்தது. வெர்தியின் முதல் இசைநாடகம் 1839இல் லா ஸ்காலாவில் அரங்கேறியபோது அதை வெளியிட்டவர் ஜொவான்னி. அதே வெர்தி முதுமையில் எழுதிய ‘ஃபால்ஸ்தாஃப்’ 1893இல் அரங்கேறியபோது அதை வெளியிட்டவர் பேரர் ஜூலியோ. ஒரு படைப்பாளரின் ஐம்பத்து நான்கு ஆண்டு உழைப்பு ஒரே வீட்டின் அடுக்குகளில் தங்கிற்று. வெர்தியின் 28 இசைநாடகங்களில் 23இன் கையெழுத்து மூலங்கள் அங்கே இருக்கின்றன. புச்சீனி இயற்றியவற்றுள், வேறு பதிப்பகம் வெளியிட்ட ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் அங்கே இருக்கின்றன. ஏறத்தாழ 7,800 இசையேடுகள், 10,000 பாடல்நூல்கள், உடைக்கும் காட்சிக்கும் வரைந்த ஓவியங்கள், வந்த கடிதங்கள், அனுப்பிய கடிதங்களின் படிகள். இப்பெருஞ்செல்வம் இப்போது மிலானின் பிரேரா மாளிகையில், பிரைதென்சே தேசிய நூலகத்தில் காக்கப்படுகிறது. நிறுவனம் 1994இல் ஜெர்மானியக் குழுமம் ஒன்றின் கைக்குப் போயிற்று; பின்னர் அக்குழுமம் இசைப் பதிப்புத் தொழிலை விற்றபோதும் காப்பகத்தை மட்டும் விற்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டது.

பேத்தி வாசித்த மல்லிகைப் பாட்டும் அந்த அடுக்கிலிருந்து வந்ததே. சீனாவில் பணியாற்றிய இத்தாலியர் ஒருவரிடம் இசைப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் அம்மெட்டைக் கேட்ட புச்சீனி, பீக்கிங் நகரில் நடப்பதாக அமைந்த தம் ‘துராந்தோ’ நாடகத்தில் அதைச் சேர்த்தார். நாடகம் முடியுமுன் 1924இல் அவர் மறைந்தார். இறுதிக் காட்சிக்கு அவர் கிறுக்கி வைத்த குறிப்புத் தாள்கள் மட்டுமே எஞ்சின. அவற்றைக்கொண்டு ஃபிராங்கோ அல்ஃபானோ என்பவர் நாடகத்தை நிறைவு செய்தார். 1926 ஏப்ரல் 25ஆம் நாள் லா ஸ்காலாவில் முதல் அரங்கேற்றம். இசையை நடத்திய தோஸ்கானீனி, புச்சீனியின் கை ஓய்ந்த இடத்தில் தம் கோலைத் தாழ்த்தி நிறுத்திவிட்டார். இறந்தவரின் கை எங்கே நின்றது என்பதை அத்துணைத் துல்லியமாக அறிய முடிந்தது, தாள் இருந்தது.

1943ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மிலான்மீது குண்டுகள் விழுந்தன. லா ஸ்காலா அரங்கம் சிதைந்தது. ரிக்கார்தி அச்சகமும் அழிந்தது. இசை வெட்டிய தகடுகள் ஏராளமாகப் பாழாயின. ஆனால் கையெழுத்து மூலங்கள் முன்னரே நகருக்கு வெளியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தன. யாரோ சிலர் பெட்டிகளைச் சுமந்தனர். யாரோ ஒருவர் பட்டியல் எழுதினார். அவர்களுக்காக எந்த அரங்கிலும் கைதட்டல் எழவில்லை.

முதியவர் குறிப்பேட்டை மூடினார். மாலை ஆகியிருந்தது. வீட்டுக்கு நேரே செல்லாமல் தேக்காவில் இறங்கினார். பஃபலோ சாலையின் பூக்கடைகளில் மல்லிகைச் சரங்கள் தொங்கின. நார் கிழிக்கும் விரல்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு முழம் வாங்கிக்கொண்டு பக்கத்திலுள்ள கெர்பாவ் சாலைக்குள் திரும்பினார். அங்கே ஒரு கடைவீட்டின் மாடியறைகளில்தான் அவருடைய குடும்பம் முன்னாளில் குடியிருந்தது. இன்று அந்தச் சுவர்களுக்குப் புதுவண்ணம் பூசியிருக்கிறார்கள். படிக்கட்டு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

அந்தப் படிக்கட்டில் ஏறித்தான் பிள்ளைகள் அவருடைய அக்காவிடம் பாட்டுப் படிக்க வருவார்கள். அவரைவிடப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர் அக்கா. பின்னறையில் ஓர் ஆர்மோனியம், ஒரு பாய், ஒரு பலகை, அவ்வளவே பாடசாலை. பள்ளி விழாவுக்கும் தமிழர் திருநாளுக்கும் அவரே பாட்டுக் கட்டுவார்; அவரே மெட்டமைப்பார். கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்த பின், பிள்ளைகள் மேடையேறுவதற்குப் புதிய பாடல்கள் தேவைப்பட்ட காலம் அது. துறைமுகத் தொழிலாளியின் பிள்ளையும் கடைச் சிப்பந்தியின் பிள்ளையும் அந்தப் பாயில் அமர்ந்தே தமிழ்ப் பாட்டைக் கற்றனர். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. 1976இல் நோயுற்று, நாற்பது வயதில் மறைந்தார். அவர் விட்டுச் சென்றவை ஆர்மோனியமும் எட்டுக் குறிப்பேடுகளும்.

இரண்டாண்டு கழித்துக் குடும்பம் அங் மோ கியோவுக்குக் குடிபெயர்ந்தது. அந்நாளில் சிங்கப்பூரில் யார் வீட்டிலும் நடந்ததே இங்கும் நடந்தது. புதுவீட்டுக்கு எது போகலாம், எது போகக்கூடாது என்று பிரித்தார்கள். கீழே காராங்குனிக்காரரின் ஊதல் கேட்டது. பழைய தாளும் துணியும் புட்டியும் வாங்கிச் செல்பவர் அவர். இளம் ஆசிரியராயிருந்த தம்பி எட்டுக் குறிப்பேடுகளையும் புரட்டிப் பார்த்தார். இரண்டில் பாடல்கள் இருந்தன, அழகான தமிழ், எதுகையும் மோனையும் குறையாத அடிகள். அவற்றை எடுத்து வைத்தார். மற்ற ஆறிலும் பக்கம் பக்கமாக ஸ ரி க ம என்ற எழுத்துகளே இருந்தன. மாணவர்க்கான பயிற்சி வரிசைகள் என்று அவர் எண்ணினார். ஆறும் தராசில் ஏறின. மற்றப் பழந்தாள்களோடு சேர்த்து மூன்று வெள்ளி கிடைத்தது.

சொல்லை ஓர் ஏட்டிலும் சுரத்தை வேறோர் ஏட்டிலும் எழுதுவது அக்காவின் வழக்கம். இதை அவர் பின்னர் அறிந்தார். எஞ்சிய இரண்டு ஏடுகளில் 36 பாடல்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலையிலும் ‘மோகனம், ஆதி’, ‘ஆனந்தபைரவி, ரூபகம்’ என இராகமும் தாளமும் குறித்திருக்கின்றன. மெட்டு இல்லை. அதே மோகனத்தில் ஆயிரம் மெட்டுப் பிறக்கலாம். அக்காவின் மெட்டு எது?

சங்க நூலைப் பயின்றவர்க்கு இந்த வேதனை பழையது. பரிபாடல் இசைப்பாட்டு. பெரும்பாலான பாடல்களின் இறுதியில் பாடிய புலவர் யார், இசை வகுத்தவர் யார், பண் எது எனக் குறித்து வைத்தனர் நம் முன்னோர். இசை வகுத்த பெட்டனாகனாரின் பெயர் இருக்கிறது. கண்ணனாகனாரின் பெயர் இருக்கிறது. பாலையாழ் என்றும் நோதிறம் என்றும் காந்தாரம் என்றும் பண்ணின் பெயர் இருக்கிறது. அவர்கள் வகுத்த இசை இல்லை. எழுபது பாடல்களுள் முழுமையாகக் கிடைத்தவை 22, அவற்றை உ. வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்துத் தந்தார். சொல் பிழைத்தது; இசை மாண்டது. வகுப்பறையில் பல முறை இந்த அடிக்குறிப்புகளை விளக்கிய ஆசிரியர், தம் வீட்டிலேயே ஒரு பரிபாடலை உண்டாக்கிவிட்டதை அன்று கெர்பாவ் சாலைப் படிக்கட்டின் முன் நின்று உணர்ந்தார்.

தமிழகத்தார் இசையை எழுதிவைக்க முயலவேயில்லை என்று கூறுதல் பிழையாகும். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் ஐரோப்பிய இசையையும் விரும்பிக் கற்றவர். அவர் திரட்டிய மேலைநாட்டு இசையேடுகள் சரசுவதி மகால் நூலகத்தின் செல்வங்களுள் ஒன்றாக நின்றன. இத்தாலியில் பிறந்த வயலினைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கிய முன்னோடி பாலுசாமி தீட்சிதர். அவர் தமையனார் முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் மெட்டுகளுக்குப் பாட்டமைத்தார்; அவை நோட்டுசுரங்கள் எனப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை அரசுப் பணியிலிருந்த சின்னசாமி முதலியார் என்பவர், நம் இசையை ஐரோப்பியரின் ஐந்துகோட்டுக் குறியீட்டில் எழுதி வெளியிடத் துணிந்தார். அவருடைய தூண்டுதலோடும் எட்டயபுரம் அரசரின் ஆதரவோடும் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904இல் வெளியிட்டார். கமகம் எனப்படும் குரலின் அசைவுகளைக் காட்டப் புதிய குறிகளையும் அந்நூலில் அமைத்தார். முதலில் தெலுங்கில் வந்த அந்நூலைப் பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்தில் வெளியிட்டது. இவையெல்லாம் அரியோர் செய்த அரிய செயல்கள். இவற்றைப் போற்றாதார் இலர். ஆயினும் மிலானில் நடந்தது வேறு வகை. அங்கே அறிஞர் ஒருவர் தம் கண்ணையும் பொருளையும் ஈந்து ஏட்டைக் காக்க வேண்டியிருக்கவில்லை. கூலிக்குப் படியெடுத்தவரும், மாதச் சம்பளத்துக்குத் தாள் எண்ணியவருமே காத்தனர். அவர்களுள் எத்தனை பேர் வெர்தியின் பெருமையை உணர்ந்திருந்தனரோ! அவர்கள் தாளை எண்ணினர், குறைந்தால் கேட்டனர், திரும்பியதும் அடுக்கினர். போற்றுதல் உள்ளத்தின் எழுச்சி. விழா முடிந்ததும் தணியும். பேணுதல் கையின் பழக்கம். நாளும் நடந்தாக வேண்டும்.

சங்கிலி அறாத ஊரில் வாய்மொழியே போதும். குரு பாடுவார், சீடர் வாங்கிக்கொள்வார், ஒருவர் மறந்ததை மற்றொருவர் நினைவூட்டுவார். கடல் கடந்து வந்து, பலமுறை வீடு மாறி, தலைமுறைக்கு ஒரு தொழில் கொண்ட ஊரில் அச்சங்கிலி எளிதில் அறும். அங்கே தாள் வேண்டும். சிங்கப்பூரர் காலைதோறும் பாடும் ‘மாஜுலா சிங்கப்புரா’வை 1958இல் இயற்றியவர் சுபிர் சயித். சுமத்திராவில் பிறந்த அவர் இளமையில் எண்களால் எழுதும் இசைமுறையைக் கற்றவர். அவர் இசை எழுத்தில் நின்றது. எனவேதான், மக்கள் எளிதாகப் பாடுமாறு 2001இல் சுருதியைத் தாழ்த்திப் புதிதாக ஒலிப்பதிவு செய்தபோதும் மெட்டு சிறிதும் சிதையவில்லை.

அன்றிரவு முதியவர் பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று வெள்ளியையும் மறைக்கவில்லை. அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அந்த இரண்டு நோட்டையும் காட்டுங்கள் தாத்தா” என்றாள்.

பக்கங்களை அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பாட்டை அவள் படிக்கவில்லை. தாளைத் தடவிப் பார்த்தாள். இரண்டாம் ஏட்டின் பழுப்புநிற மேலுறைக்குள் ஏதோ தடித்திருந்தது. உறையைப் பிரித்தாள். நான்காக மடித்த ஒரு தாள். அதில் அக்காவின் கையெழுத்தில் சுரங்கள். ஓரத்தில் பாட்டின் முதற்சொல். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஏட்டைக் கையில் எடுத்தும் வைத்தும் வந்தவர் காணாத தாள் அது. அவர் அந்த ஏட்டில் சொல்லை மட்டுமே தேடியவர்.

பேத்தி வயலினை எடுத்தாள். வாசிக்கப் புகுந்ததும் ஐயங்கள் எழுந்தன. “இந்த ஸ எந்த ஸ தாத்தா? மேலேயா கீழேயா? இந்த க எவ்வளவு நேரம்? வேகம் எங்கே எழுதியிருக்கிறது?” ஐந்துகோட்டுத் தாளில் சுருதியும் நீளமும் எழுத்திலேயே நிற்கும். சுரத்தாளில் பாதி எழுத்தில் நிற்கும். மீதி ஆசிரியரின் குரலில் நிற்கும். அந்தக் குரல் இப்போது இல்லை.

ஒருவர் மட்டும் இருந்தார். பாயில் அமர்ந்து பாடிய பிள்ளைகளுள் ஒருத்தி இன்று எழுபது வயதை எட்டிய பாட்டியாக ஈசூனில் வாழ்கிறார். இருவரும் அவரைத் தேடிச் சென்றனர். தாளைக் கையில் வாங்கிய அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். “அக்கா இப்படி எழுதுவார்கள், அண்ணா, பாடும்போது இங்கே ஒரு வளைவு கொடுப்பார்கள்” என்று பாடிக் காட்டினார். தாளில் க ப என்று நின்ற இடத்தில் குரல் கவிலிருந்து வழுக்கி ஏறிற்று. பேத்தி பென்சிலால் அதைக் குறித்தாள். எழுதியதை அடித்துத் திருத்தவில்லை. மேலே வேறாகக் குறித்தாள். தாளில் உள்ளது இது, பாடக் கேட்டது இது என இரண்டும் நின்றன. வெர்தியின் படைப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டுச் செம்பதிப்பாக வெளியிடும் பணி சிக்காகோ பல்கலைக்கழகமும் ரிக்கார்தியும் இணைந்து தொடங்கியது. ‘ரிகொலெத்தோ’ 1983இல் முதல் தொகுதியாக வந்தது. அங்கே அறிஞர் செய்யும் வேலையின் சிறு நிழலை அந்தச் சிறுமி ஈசூன் வீட்டுக் கூடத்தில் செய்தாள்.

அந்தப் பாட்டியின் நெஞ்சில் வேறு நான்கு பாடல்கள் முழுமையாக இருந்தன. அவற்றையும் ஒலிப்பதிவு செய்து, சுரத்திலும் ஐந்துகோட்டிலும் எழுதினர். தாளில் கிடைத்தது ஒன்று; நெஞ்சில் கிடைத்தது நான்கு. 36இல் ஐந்து. எஞ்சிய 31 பாடல்களும் இனி மீளா. புதிதாக மெட்டமைத்துப் பாடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். பாடலாம், அது நல்ல பணியே. அக்காவின் பாட்டு ஆகாது. தோஸ்கானீனி கோலைத் தாழ்த்திய இடம் எது என்று தெரிய வேண்டும்.

சிங்கப்பூரில் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தார், 1965க்குப் பின் இங்கே வெளிவந்த தமிழ்ப் படைப்பிலக்கிய நூல்களைத் திரட்டி 2015இல் தேசிய நூலகத்தின்வழி மின்வடிவில் உலகுக்கு அளித்தனர். பின்னர் நாடகம், இசை, நடனம் ஆகியவற்றின் பக்கமும் அம்முயற்சி விரிந்தது. பொதுமக்களின் உழைப்பும் அறிஞர் உழைப்பும் கூடிய நற்பணி அது. ஆயினும் எந்தக் காப்பகமும் தன்னிடம் வந்து சேர்ந்ததையே காக்க முடியும். வீட்டு வாசலில் தராசில் ஏறிய தாளை அது எங்கே போய்த் தேடும்? காப்பகத்தின் முதல் அடுக்கு வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் முதல் காவலர், குடிபெயரும் நாளில் ‘இது என்ன?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பவர்.

தமிழாசிரியர்களும் மாணவர்களும் இதில் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. சொல்லைக் காப்பதில் தமிழர் வல்லவர். ஒரு பாடபேதத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதிடுவர். சொல்லோடு கூடிப் பிறந்த இசையை, ஆட்டத்தை, அடவுக் குறிப்பை, நாடக மேடையின் வரைபடத்தைத் தமிழல்லாத பொருளாகக் கருதி விட்டுவிடுகின்றனர். இயலைப் போலவே இசையும் நாடகமும் தமிழ் என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் இயலை மட்டும் எடுத்து வைக்கின்றனர். எழுத்தறிவு மிக்க ஓர் ஆசிரியரே ஸ ரி க ம என்பதைப் படிக்கத் தெரியாமல் விற்றார் என்றால், குறை அறிவின்மையில் இல்லை. எது தமிழ் என்று அவர் கொண்ட எல்லையில் இருந்தது.

முதியவர் இப்போது 36 பாடல்களுக்கும் ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். பரிபாடலின் முறைப்படியே ஒவ்வொன்றின் கீழும் பாடியவர், இசை வகுத்தவர், பண் என்று மூன்று குறிப்புகள். நான்காவதாக ஒன்றை அவரே சேர்த்தார்: மெட்டு. ஐந்து பாடல்களுக்கு நேரே ‘கிடைத்தது’ என்று எழுதினார். மற்ற 31க்கும் நேரே, தம் அழகிய கையெழுத்தில், ‘1978இல் விற்கப்பட்டது’ என்று எழுதினார். பேத்தி அதைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். “எழுதத்தான் வேண்டும், அம்மா. பட்டியல் என்றால் உண்மை இருக்க வேண்டும்” என்றார் அவர்.

பள்ளி நிகழ்ச்சி முடிந்தது. மல்லிகைப் பாட்டை நன்றாக வாசித்தார்கள். மறுநாள் மாலை பேத்தி மேசையில் அமர்ந்து வாடகைத் தாளிலிருந்த பென்சில் குறிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். நான்கு தாள், எண்ணி உறையில் இட்டாள். முதியவர் பக்கத்தில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே காராங்குனிக்காரரின் ஊதல் கேட்டது. பேத்தி எழுந்து போய், அக்காவின் இரண்டு ஏடுகளும் இருந்த அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். ஏடுகள் இருந்தன. மீண்டும் உட்கார்ந்து, தாள்களை இன்னொரு முறை எண்ணினாள்.